ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள்

பாளையங்கோட்டையில் ஆராதனை முடிந்த கையோடு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை விசாரிக்கப் போவது எங்கள் சபைகளில் பழைய பழக்கம். போகலாம், ஆனால் ஞாயிறு சாயங்காலம் வார்டு சொந்தபந்தங்களால் நெருக்கியடிக்கும். செவ்வாய், புதன் ஆகிவிட்டால் வந்தவர்களெல்லாம் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள், கையிலிருந்த காசும் கரைந்திருக்கும். அன்றைக்குப் போங்கள். பார்வை நேரத்தில், இரண்டே பேராக. ஐந்தாறு பேர் வெள்ளைச் சேலையும் வேதாகமமுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றால், கடைசி ஜெபத்துக்குத்தான் வந்துவிட்டார்கள் என்று நோயாளி பயந்துவிடுவார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கட்டிலுக்குக் கீழே பாருங்கள் என்று. அங்கே பாய் விரித்து ஒரு மனைவியோ மகளோ உட்கார்ந்திருப்பாள். சங்கரன்கோவில், விளாத்திகுளம் என்று எங்கிருந்தோ வந்தவள். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்தான். ஆனாலும் அவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பட்டினி கிடப்பாள். "நான் இங்கே உட்கார்ந்திருக்கேன், நீ குளிச்சு சாப்பிட்டுட்டு மெதுவா வாம்மா" என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் பாட்டில் எப்போது முடியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் தீர்ந்ததும் நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள். அசனம் என்கிற சபை விருந்தில் ஆயிரம் பேருக்குப் பந்தி போடத் தெரிந்த சபைக்கு, இவள் ஒருத்தி சாப்பிட வழி பண்ணுவது பெரிய காரியமா?

ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வேண்டாம். சர்க்கரை நோயாளியாக இருக்கலாம், மறுநாள் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருக்கலாம். ஃபிளாஸ்கில் வெந்நீர், சோப்பு, ஒரு துண்டு, நீள வயர் உள்ள போன் சார்ஜர், இவை எப்போதும் உதவும். செலவுக்கு எங்கள் சங்கத்தில் கைப்பிடி அரிசிதான். தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்து, சேர்ந்ததும் விற்றுவிடுவோம்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று துருவாதீர்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். வேதாகமத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் வினை.

ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டுப் பண்ணுங்கள். தாழ்ந்த குரலில் இரண்டு நிமிடம் போதும், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். அந்தப் பக்கத்துக் கட்டிலையும் விசாரியுங்கள், அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும் சரி. துண்டுப்பிரதி நீட்டாதீர்கள். எழுந்து போக முடியாதவரைப் பிடித்துவைத்துப் பிரசங்கம் பண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதில் எங்கள் சங்கத்திலேயே சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

பேச்சோடு பேச்சாக முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று காட்டும் வருமானச் சான்று வேண்டும். சான்றுக்காக ஊருக்கும் விஏஓ அலுவலகத்துக்கும் அலைய அந்த வீட்டில் ஆள் மிச்சமிருக்காது. பைக் வைத்திருக்கிற வாலிபர் சங்கத்துப் பையன்களை அனுப்புங்கள்.

அவர்களிடமே ரத்த வகைப் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாத ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை. கடைசியாகக் கொடுத்த தேதியைப் பெயருக்கு எதிரே எழுதாத பட்டியல் ராத்திரி பத்து மணிக்கு உதவாது.

155377 என்ற எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுபோகிற இலவச அமரர் ஊர்தி அது. தெரியாமல் தனியார் வண்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சபைப் போதகரான ஐயர் வந்து சேருமுன் நீங்களே கூப்பிட்டுவிடலாம்.

பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்களைத்தான் நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். மறுபடி வரச்சொன்ன தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு, முந்தின நாள் ஒரு போன் போடுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, வெளியூர் பஸ்ஸில் உண்டு. அந்தப் பணத்தை டிஸ்சார்ஜ் அன்றைக்கே, யாரும் பார்க்காதபோது, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுங்கள்.