பெயர் தெரியாத பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைச் சோதித்து வாங்குவது எப்படி?

ஃபெண்டர், கிப்சன் நிறுவனங்களின் 1960-களின் கிட்டார்கள் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலையில் உள்ளன. அதே காலத்தில் ஜப்பானின் டெய்ஸ்கோ, சிகாகோவின் ஹார்மனி, நியூ ஜெர்சியின் டேன்எலெக்ட்ரோ ஆகியவை எளியோருக்காகச் செய்த கருவிகளிலோ சிக்கனமே ஒரு தனி ஒலியாகிவிட்டது. டேன்எலெக்ட்ரோ, மரச்சட்டத்தின் மேல் மேசோனைட் (அழுத்திய மரநார்) பலகையை ஒட்டி உடலைச் செய்து, பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பகுதி) சுருளை லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்தது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தம் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலேயே டெய்ஸ்கோ பிக்அப் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். ஆகவே இவற்றில் பிக்அப்தான் பொக்கிஷம், பளபளப்பு இரண்டாம்பட்சம்.

பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பழைய இசைக்குழுக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கிட்டார் கிடைத்தால், தலைப்பகுதியில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சில்வர்டோன் என்பது சியர்ஸ் கடையின் வணிகப்பெயர். அதை ஹார்மனி, கே, டேன்எலெக்ட்ரோ எனப் பலரும் செய்து கொடுத்தார்கள்.

அடுத்து நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. ஆறாம் (மிகத் தடித்த) கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி), நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். தடித்த காகிதம் நுழையும் அளவு இருந்தால் நல்லது. அதைவிட மிக அதிகமாக இருந்து, நெக்கைத் திருத்தும் ட்ரஸ் ராட் திருகும் இல்லையென்றால் (மலிவுக் கிட்டார்கள் பலவற்றில் அது இருக்காது) விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். செப்பனிடும் கூலி கிட்டாரின் விலையையே மிஞ்சிவிடும்.

பிறகு, பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரால் பிக்அப்பைச் சோதியுங்கள். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, ஒரு பிக்அப்பை மட்டும் இயக்கத்தில் வைத்து, மறுமுனையின் நுனிக்கும் உறைப்பகுதிக்கும் இடையிலான மின்தடையை அளவிடுங்கள். சில கிலோ ஓம் காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. 250, 500 போன்று நூற்றுக்கணக்கான கிலோ ஓம் காட்டினால், சுருள் அறுந்து, வால்யூம் குமிழின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (மாறுமின்தடை) தடையை மட்டுமே மீட்டர் அளக்கிறது என்று பொருள். இரண்டு பிக்அப் உள்ள டேன்எலெக்ட்ரோவில் இரண்டும் சேர்ந்த நிலையில் எண் கூடினால் பதற வேண்டாம்; அவை தொடர் இணைப்பில் உள்ளவை.

வால்யூமைத் திருகும்போது எழும் கரகரப்புக்காகப் பேரத்தை முறிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரை (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் தெளிப்பு) அந்தப் பொட்டென்ஷியோமீட்டருக்குள் சிறிது அடித்து, குமிழை இருபுறமும் பலமுறை திருகினாலே அது அடங்கிவிடும்.