கருந்துளை பற்றிப் பேசும்போது கருவியைத் தனியாகப் பிரிக்காதீர்கள்

பொதுமக்களுக்கான வானியல் உரைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, உரையை இரண்டாகப் பிளந்துவிடுவது. முதல் பாதி முழுக்கப் புதிய தொலைநோக்கியின் விட்டம், எடை, செலவு என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போகும், கேட்பவர்கள் களைத்த பிறகுதான் கருந்துளை வரும். ஒளியே வெளிவராத ஒன்று அங்கே இருப்பது எப்படித் தெரிந்தது என்பதுதானே எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி? அதற்குப் பதிலே அந்தக் கருவிதான்.

எஸ்2 என்ற விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். பால்வீதியின் மையத்தை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. சிலியில் உள்ள நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்க்கும் 'கிராவிட்டி' கருவி, 2018 மே மாதத்தில் அது மையத்தை மிக நெருங்கியபோது விடாமல் பின்தொடர்ந்தது. வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல்! அவ்வளவு வேகத்தில் ஒரு விண்மீனைச் சுற்றவைக்க வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறிய இடத்துக்குள் சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை இருந்தாக வேண்டும். இதை இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள், கருந்துளை என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கும் முன்பே கூட்டத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள கருந்துளையின் படம். "இதுதான் கருந்துளையின் போட்டோ" என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த ஆரஞ்சு நிறம் பிறகு கொடுத்தது, பதிவானது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை. நடுவில் இருக்கும் கருப்பு வட்டம், ஒளிகூடத் திரும்பிவர முடியாத 'நிகழ்வு எல்லை'யும் அல்ல, அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகலமான நிழல். வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம், அங்கே வாயு ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் நம்மை நோக்கி வருவது. இதைப் படமெடுத்தது ஒரே தொலைநோக்கியும் இல்லை. 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் 8 தொலைநோக்கிகள் அணுக் கடிகாரத்தை வைத்துப் பதிவுசெய்தன, தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிது என்பதால் கணினி வன்வட்டுகளாக விமானத்தில் போனது, தென்துருவத்தின் வட்டுகள் குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தன. எனக்கு இந்தக் காத்திருப்பு படத்தைவிடப் பிடிக்கும், உரைகளில் பெரும்பாலும் இதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி இருட்டில் உறையும், ஆனால் அதே பாதையில்தான் சுற்றும்.

அப்புறம் கேள்வி நேரம். "உள்ளே விழுந்தால் என்ன ஆகும்?" என்று ஒரு குழந்தை கேட்டால் சிரித்து ஒதுக்க வேண்டாம். விண்மீன் அளவு நிறை என்றால் எல்லையைத் தொடும் முன்பே உடல் நீண்டு கிழிந்துவிடும், எம்87 அளவு என்றால் எல்லையைக் கடக்கும் நொடியில் உடலுக்கு எதுவுமே தெரியாது. பெரிய கருந்துளையின் எல்லையில் ஏன் இழுப்பு மென்மையாக இருக்கிறது என்று அந்தக் குழந்தை அடுத்துக் கேட்கும், அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.