கவுன்சில் வைப்புப்பணம் செலுத்தும் குடியிருப்பாளருக்கு வீட்டை வாடகைக்கு விடுதல்: இங்கிலாந்து வீட்டு உரிமையாளர்களுக்கு

இங்கிலாந்தில் ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் பலருக்கு, கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவிலிருந்து என்றாவது ஒரு நாள் அழைப்பு வரும். வீடிழக்கும் நிலையில் ஒரு குடும்பம் இருக்கிறது, டெபாசிட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வீட்டைக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். வீடிழக்கும் அபாயத்தில் உள்ளவர்களுக்கு 56 நாட்களுக்கு முன்பிருந்தே உதவ வேண்டிய கடமை 2018 ஏப்ரல் முதல் கவுன்சில்களுக்கு இருப்பதால், இத்தகைய அழைப்புகள் இப்போது வழமையாகிவிட்டன. தயங்காமல் சம்மதிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், “பார்த்துக்கொள்கிறோம்” என்ற அந்தச் சொல்லுக்குள் வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. உங்களுக்குக் கிடைக்கப்போவது எது என்பதை எழுத்துமூலம் பெற்றுக்கொள்ளும் வரை வீட்டின் திறப்பைக் கையளிக்காதீர்கள்.

முதலாவது ஏற்பாட்டில் கவுன்சில் குடியிருப்பாளரின் சார்பில் பணத்தை நேரடியாக உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தும். இரண்டாவதில் அதே பணம் குடியிருப்பாளருக்குக் கடனாகக் கொடுக்கப்படும். அவர் கவுன்சிலுக்குத் தவணை முறையில் திருப்பிச் செலுத்துவார். மூன்றாவதில் பணமே கைமாறாது. சேதம் ஏற்பட்டால் இன்ன தொகைவரை ஈடுசெய்வோம் என்று கவுன்சில் உறுதியளிக்கும் ஓர் உத்தரவாதப் பத்திரம் மட்டுமே உங்கள் கைக்கு வரும். இதைத்தான் ‘பாண்ட்’ என்கிறார்கள்.

பணமாகக் கிடைத்தால், அது யாருடைய கணக்கிலிருந்து வந்திருந்தாலும், 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். பணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களான டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் ஆகியவற்றில் ஒன்றில் அதைப் பாதுகாக்க வேண்டும். சனி, ஞாயிறும் இந்த 30 நாட்களில் அடங்கும். உங்கள் முகவர் பணத்தைப் பெற்றிருந்தால் அவர் பெற்ற நாளிலிருந்தே கணக்குத் தொடங்கும். இதுவரை பெரும்பாலானோர் சரியாகச் செய்துவிடுகிறார்கள். தவறு நேர்வது அடுத்த படியில்தான். வைப்புப்பணம் எங்கே இருக்கிறது, தகராறு ஏற்பட்டால் என்ன செய்வது என்பன போன்ற, சட்டம் விதித்திருக்கும் விவரங்களை அதே 30 நாட்களுக்குள் குடியிருப்பாளருக்கு மட்டுமல்லாமல், அவரது சார்பில் பணத்தைச் செலுத்தியவருக்கும் கொடுக்க வேண்டும். கவுன்சில் செலுத்தியிருந்தால் கவுன்சிலுக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

முதன்முறை இப்படியொரு குடும்பத்துக்கு வீடு கொடுத்தபோது எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. குடியிருப்பாளரின் கையொப்பம் இருக்கிறது, கடமை முடிந்தது என்று நம்பியிருந்தேன். வேறொரு விடயமாகக் கோப்பைப் பார்த்த வழக்கறிஞர்தான், கவுன்சிலுக்கு எதுவும் அனுப்பப்படவில்லை என்பதைக் காட்டினார். அப்போது 30 நாட்கள் எப்போதோ கடந்துவிட்டிருந்தன. இந்தத் தவறுக்காகக் குடியிருப்பாளர் மட்டுமன்றி, பணம் செலுத்திய கவுன்சிலும் நீதிமன்றத்தை நாடலாம். வைப்புப்பணத்தின் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்குவரை செலுத்துமாறு நீதிமன்றம் கட்டளையிடலாம். அத்துடன், வைப்புப்பணம் முறைப்படி பாதுகாக்கப்படாத நிலையில் வீட்டைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்தாலும், சமூக விரோத நடத்தை போன்ற சில காரணங்கள் தவிர, உத்தரவு கிடைக்காது. பணம் வந்த அன்றே குறிப்பேட்டில் திகதியை எழுதி, கவுன்சிலின் எந்த மின்னஞ்சல் முகவரிக்கு விவரங்களை அனுப்ப வேண்டும் என்று அந்த அதிகாரியிடமே கேட்டு, அனுப்பிய மின்னஞ்சலைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். கடனாகக் கொடுக்கப்பட்ட பணமாக இருந்தாலும், அது கவுன்சிலின் கணக்கிலிருந்து உங்களுக்கு நேரே வந்திருந்தால் இதையே செய்யுங்கள்.

பாண்ட் என்றால் பாதுகாப்பதற்குப் பணமே இல்லை; ஆகவே மேற்சொன்ன திட்டங்களில் பதிவு செய்யும் தேவையும் இல்லை. ஆனால், சில கவுன்சில்கள் குடியிருப்பாளரைச் சிறுகச் சிறுகச் சேமிக்கச் சொல்லி, பிறகு பாண்டுக்குப் பதிலாக அந்தப் பணத்தை வைப்புப்பணமாக்குகின்றன. அப்படி ஒரு தொகை உங்களிடம் வந்து சேரும் நாளில் 30 நாள் கணக்கும் தொடங்கிவிடுகிறது. பத்திரத்தைக் கையில் எடுத்ததும் நான் தேடிப் பார்ப்பவை: அது எந்தத் திகதியில் காலாவதியாகிறது, வாடகை நிலுவையையும் உள்ளடக்குகிறதா அல்லது சேதத்தை மட்டுமா, குடியிருப்பாளர் வெளியேறிய பிறகு எத்தனை நாட்களுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்பன. இவை கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். குடியிருப்பு பல ஆண்டுகள் நீடிக்க, பத்திரம் இடையில் காலாவதியாவதும் உண்டு. புதுப்பிக்க முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைவாக இருந்தால் குடியிருப்பாளரிடம் ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புப்பணம் கேட்க முடியாது. மாத வாடகை 1,200 பவுண் என்றால், அதை 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்து, 5ஆல் பெருக்கினால் 1,384 பவுண் 61 பென்ஸ் வரும். கவுன்சில் நான்கு வாரத்துக்கு மட்டுமே செலுத்தினால் மிச்சத்தைக் குடியிருப்பாளரிடம் கேட்கலாமா என்று சிலர் வினவுகிறார்கள். இரண்டு பங்கும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதோடு, அப்படி மேலதிகமாக வாங்குவதை அந்தக் கவுன்சிலின் திட்டம் அனுமதிக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும், முடிவில் உங்களுக்குப் பணம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது, வீட்டின் நிலையைப் பதிந்து நுழைவு நாளன்று எழுதப்படும் பட்டியலான இன்வென்டரிதான். “கம்பளம் – நல்ல நிலை” என்ற ஒற்றை வரியை வைத்து, தகராறைத் தீர்க்கும் எந்த நடுவரும் எதையும் தீர்ப்பளிக்க முடியாது. “முன் அறை, சாம்பல் நிறக் கம்பளம், யன்னலுக்குக் கீழே நாணய அளவில் ஒரு பழைய தேநீர்க் கறை, வேறு சேதம் இல்லை” என்று எழுதி, அந்தக் கறையைத் திகதியுடன் படமெடுத்து வையுங்கள். குளியல் தொட்டியின் ஓரத்திலுள்ள சிலிக்கன் பூச்சு, அடுப்பின் உட்புறம், புகை எச்சரிக்கைக் கருவி ஒலிப்பது ஆகியவற்றைக் குடியிருப்பாளருடன் சேர்ந்து பாருங்கள். அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிடட்டும். அவசரமாகக் குடிவரும் குடும்பம் பைகளோடு வாசலில் நிற்கும்போது இதற்கு ஒரு மணிநேரம் செலவிட மனம் வராது. ஆயினும், பின்னாளில் வைப்புப்பணத்திலிருந்து நியாயமின்றிப் பணம் கழிக்கப்படாமல் அவர்களைக் காப்பதும் இதே பட்டியல்தான். பாண்ட் என்றால் கவுன்சிலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பணம் தருவதற்கு முன் கவுன்சில் வீட்டைப் பார்வையிட வரலாம். ஆண்டுதோறும் எடுக்கும் எரிவாயுப் பாதுகாப்புச் சான்றிதழ், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையான மின்சாரப் பரிசோதனை அறிக்கை, குறைந்தது ‘ஈ’ தரத்திலுள்ள ஆற்றல் சான்றிதழ் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

வாடகை வரும் வழியையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். குறைந்த வருமானமுள்ளோருக்கான அரச உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு முதல் கொடுப்பனவு வர ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். முதல் மாத வாடகையையும் கவுன்சில் தருகிறதா என்று கேளுங்கள். உங்கள் பகுதிக்கான வீட்டு உதவி வரம்பை அஞ்சல் குறியீட்டைக் கொண்டு அரசின் இணையதளத்தில் பார்க்கலாம்; வாடகை அதற்கு மேல் இருந்தால், மாதாமாதம் அந்த இடைவெளியைக் குடும்பம் எப்படி நிரப்பும் என்பதை அவர்களுடனும் அதிகாரியுடனும் திறந்த மனதோடு பேசுங்கள். இரண்டு மாத வாடகை நிலுவையானால், வீட்டுக்கான பகுதியை நேரடியாக உங்களுக்கே அனுப்புமாறு விண்ணப்பிக்கலாம். அரசின் கொடுப்பனவு தாமதமானதால் மட்டுமே ஏற்பட்ட நிலுவையை, 2026 மே 1இலிருந்து, மூன்று மாத நிலுவை என்ற காரணத்தின் கீழ் வீட்டைக் கோரும்போது கணக்கில் சேர்க்க முடியாது. அரச உதவி பெறுகிறவர் என்பதற்காகவே ஒருவரை நிராகரிப்பதற்கும் அதே நாளிலிருந்து சட்டத்தில் வெளிப்படையான தடை உண்டு.

குடியிருப்பு முடியும்போது, மிஞ்சும் பணம் யாருக்குத் திரும்ப வேண்டும் என்பதில்தான் குழப்பம் வரும். கவுன்சில் தன் பணத்தைத் திரும்பப் பெறும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த வாசகத்தைப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் காட்டுங்கள். கடனாகக் கொடுக்கப்பட்டிருந்தால், வைப்புப்பணம் குடியிருப்பாளருக்கு உரியது. அவர் கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டியது தனிக் கணக்கு. அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை நீங்களாகக் கவுன்சிலுக்கு அனுப்பிவிடக் கூடாது. வைப்புப்பணத்தில் ஏதேனும் கழிக்க விரும்பினால் தொகையையும் காரணத்தையும் இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். உடன்பாடு ஏற்படாவிட்டால், பாதுகாப்புத் திட்டங்களிலுள்ள நடுவர் சேவை கட்டணமின்றித் தீர்த்துவைக்கும்.