எலி நுரையீரல் மாற்று: கஃப் கட்டும்போது கவனம்

இடது நுரையீரலைத்தான் மாற்றுகிறோம். எலிக்கு அது ஒரே மடல். கொடை எலிக்கு ஹெப்பாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுத்து, குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலை நுரையீரல் தமனி வழியாக மெதுவாகச் செலுத்துங்கள். அழுத்தம் 20 செ.மீ. நீர் அளவைத் தாண்ட நான் விடுவதில்லை.

அப்புறம் கஃப், அதாவது குழாய்களை இணைக்க உதவும் சிறு வளையம். கேனுலா என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நறுக்கிச் செய்யலாம்: தமனிக்கு 16 கேஜ் (குழாயின் பருமன் அளவு), சிரைக்கு 14. ஓரத்தில் சின்ன வால் விட்டால் பிடிக்க வசதி. இரத்தக்குழாயை உள்ளே நுழைத்து, சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பிக் கட்டுங்கள். உள்சுவரை இடுக்கியால் கிள்ளவே கூடாது. இரத்தம் உறைவது அங்கேதான் தொடங்கும். சிரையின் சுவர் மெல்லியது, சட்டென்று முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் நுரையீரல் கண்ணெதிரே கருஞ்சிவப்பாக வீங்கும்.

பெறும் எலிக்கு மயக்கம் ஆழமாக இருக்கட்டும். வலி மருந்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். தமனி, சிரை, மூச்சுக்குழாய்க் கிளை என மூன்று இணைப்பும் முடிந்து கிடுக்கிகளை எடுக்கும்போது, தமனியைக் கடைசியில் திறங்கள்.