ஜாப் வரிசையில் நிற்கும்போது நிரலில் கை வைக்காதீர்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி, போன வாரம் ஸ்லர்மில் (கணினித் தொகுப்பில் யாருடைய கணக்கு எப்போது, எங்கே ஓடும் என்று வரிசைப்படுத்தும் மென்பொருள்) நாற்பது ஜாப்களை, அதாவது ஓட்ட வேண்டிய கணக்குகளை, சப்மிட் செய்தார். அவை காத்திருக்கும்போதே பைத்தான் ஃபைலைத் திறந்து திருத்தத் தொடங்கினார். ஒரு காலத்தில் நான் செய்த அதே காரியம். பதறிப்போய்த் தடுத்தேன். எல்லோரும் உள்நுழையும் பொதுக் கணினியான லாகின் நோடில் கணக்கு ஓட்டாதே என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

காத்திருக்கும் ஜாபின் நிரலைத் திருத்துவது

ஜாபை அனுப்பும் எஸ்பேட்ச் கட்டளையைக் கொடுத்ததும் ஸ்லர்ம் உங்கள் ஜாப் ஸ்கிரிப்டை (எதை, எப்படி ஓட்டுவது என்ற கட்டளைகள் உள்ள ஃபைல்) மட்டும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு ஸ்கிரிப்டில் எதை மாற்றினாலும் அந்த ஜாபுக்குத் தெரியாது. ஆனால் ஸ்கிரிப்ட் கூப்பிடுகிற பைத்தான் ஃபைலும் அளவுரு ஃபைலும் உங்கள் டைரக்டரியிலேயேதான் கிடக்கும். ஜாப் ஓடத் தொடங்கும்போது அங்கே என்ன இருக்கிறதோ, அதைத்தான் எடுக்கும்.

நான் அனுப்பியது 60 வெப்பநிலைகளுக்கான ஜாப் அரே, அதாவது ஒரே ஸ்கிரிப்டிலிருந்து பிறக்கும் ஜாப்களின் தொகுதி. அதில் ஒவ்வொன்றும் நோட் (தொகுப்பிலுள்ள ஒரு கணினி) கிடைக்கும்போது தனித்தனியாகக் கிளம்பும். 22 கிளம்பியிருந்த நேரத்தில், வேறொரு சோதனைக்காக அளவுரு ஃபைலில் கட்-ஆஃப் தூரத்தை (அணுக்களுக்கிடையிலான விசையை எவ்வளவு தூரம் வரை கணக்கிடுவது என்ற எல்லை) 12 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 10 ஆக்கிச் சேமித்தேன். மீதி 38 புது மதிப்பில் ஓடின. ஒரு பிழைச்செய்தி இல்லை. ஜாப்களின் நிலையைக் காட்டும் எஸ்அக்ட் (sacct) கட்டளையில் எல்லாமே 'கம்ப்ளீட்டட்'. அடர்த்தி வரைபடத்தின் நடுவே படிக்கட்டுபோல ஒரு படி விழுந்திருந்தது. அதை ஏதோ இயற்பியல் என்று நம்பி மூன்று வாரம் துரத்தினேன். ஜாப் செத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

இப்போது ஒவ்வொரு முறையும் தனி டைரக்டரி போட்டு, நிரலையும் அளவுரு ஃபைலையும் அதற்குள் பிரதி எடுத்து, அங்கிருந்தே அனுப்புகிறேன். அவுட்புட்டின் முதல் வரியில் நிரலின் எந்தப் பதிப்பு ஓடியது என்று சொல்லும் கிட் கமிட் எண் அச்சாகும். ஏற்கெனவே திருத்திவிட்டீர்களா? எஸ்கன்ட்ரோல் கட்டளையில் ஹோல்ட் கொடுத்துக் காத்திருப்பவற்றை நிறுத்துங்கள். ஃபைலைப் பழையபடி ஆக்கிய பிறகு ரிலீஸ் கொடுங்கள். திருத்தியதற்கும் ஹோல்டுக்கும் இடையில் கிளம்பிவிட்டவற்றை மறுபடி ஓட்டத்தான் வேண்டும்.

பயனர் பெயரை மட்டும் கொடுத்து ரத்து செய்வது

ஜாப்களை ரத்து செய்யும் எஸ்கேன்சல் கட்டளைக்குப் பெயரை மட்டும் கொடுத்தால், அது காத்திருப்பவற்றோடு, ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருப்பதையும் கொன்றுவிடும். நிலை 'பெண்டிங்' (காத்திருப்பது) என்று சேர்த்துக் கொடுங்கள்.

நேர வரம்பு

ஓடும் ஜாபுக்குக் கொடுத்த நேர வரம்பை நீங்கள் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமென்றால், வரம்பு முடிவதற்கு முந்தின நாளே நிர்வாகியிடம் கேளுங்கள்.

நொடிக்கொரு முறை எஸ்க்யூ (ஜாப் வரிசையைக் காட்டும் கட்டளை) பார்ப்பது

வேண்டாம். எல்லோருடைய ஜாப்களையும் கவனிக்கும் ஒரே கட்டுப்பாட்டு நிரலைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.