அப்துல் கலாம் அலமாரி: ஒரு பெயர், பல கைகள்

பாம்பனில் தொடங்கித் தொண்டி வரை எந்தப் படிப்பகத்துக்குள் நுழைந்தாலும் அப்துல் கலாம் நூல்களுக்கென்று ஒரு தட்டு இருக்கும். நன்கொடை தருகிறவர்கள் முதலில் வாங்கித் தருவதும் அவற்றைத்தான். ஆனால் அந்தத் தட்டில் இருப்பவை எல்லாம் அவர் எழுதியவை அல்ல. தனியாக எழுதியவை, இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவை, உரைத் தொகுப்புகள், அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை, அணிந்துரை மட்டும் தந்தவை என ஐந்து வகையும் கலந்து கிடக்கும்.

அக்டோபர் 15, அவர் பிறந்த நாள், இளைஞர் எழுச்சி நாள். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் அதற்கு முந்தைய வாரமே வந்து நிற்பார்கள். வாடையும் மழையும் அதை ஒட்டியே வரும். ஆகவே இந்தத் தட்டை வகை பிரித்து அடுக்கும் வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் இறக்கிப் பாயில் பரப்புங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். தனியாளாகச் செய்தால் பத்தாவது புத்தகத்திலேயே அட்டையைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவோம். பிழை நுழைவது அங்கேதான். அட்டையில் விற்கிற பெயர் பெரிதாக இருக்கும், கூட எழுதியவர் பெயர் சிறுத்தோ இல்லாமலோ போகும். உள்ளே தலைப்புப் பக்கத்தைத் திறந்து, அதன் பின்புறத்தையும் படியுங்கள். உரிமை யாருடையது, மூலத் தலைப்பு என்ன, மொழிபெயர்ப்பாளர் யார், எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ‘அக்னிச் சிறகுகள்’. 1999இல் ஆங்கிலத்தில் வந்த தன்வரலாறு. அருண் திவாரியோடு சேர்ந்து எழுதியது. தமிழில் தந்தவர் மு. சிவலிங்கம். ஆக, தமிழ் வாசகர் கையில் இருக்கும் வாக்கியங்களில் மூன்று பேர் கை இருக்கிறது. இதைத் ‘தனி’ அடுக்கில் வைத்தால் பிழை. ‘இந்தியா 2020’ (1998) ஒய்.எஸ். ராஜனோடு எழுதியது. ‘டார்கெட் 3 பில்லியன்’ (2011) ஸ்ரீஜன் பால் சிங்கோடு. ‘டிரான்சென்டன்ஸ்’ (2015) மீண்டும் திவாரியோடு. ‘தி ஃபேமிலி அண்ட் தி நேஷன்’ சமணத் துறவி ஆசார்ய மகாப்ரக்ஞாவோடு. தமிழில் ‘எழுச்சி தீபங்கள்’ ஆன ‘இக்னைட்டட் மைண்ட்ஸ்’ (2002) அவர் தனித்து எழுதியது. பாய்ம இயக்கவியல் (நீர், காற்று போன்றவை ஓடும் விதத்தை ஆராயும் துறை) பற்றி ரொத்தம் நரசிம்மாவோடு பதிப்பித்த ஆய்வுத் தொகுப்பும் உண்டு. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளை எடுத்துப் போய் மறுநாளே திருப்பித் தரும்.

தலைப்புப் பக்க மூலையில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள்: தனி என்றால் ‘த’, கூட்டு ‘கூ’, தொகுப்பு ‘தொ’, அவரைப் பற்றியது ‘ப’, அணிந்துரை மட்டும் என்றால் ‘அ’. கடைசி இரண்டும் இந்தத் தட்டிலேயே இருக்கக் கூடாது. அவற்றை எழுதியவர் பெயருக்கு மாற்றுங்கள். பேனா வேண்டாம், மாற்றி எழுத நேரும்.

அடுத்த தொல்லை பெயர். ‘ஏ.பி.ஜே.’, ‘ஆ.ப.ஜெ.’, ‘டாக்டர்’, ‘மேதகு’, வெறும் ‘கலாம்’ என்று பதிவேட்டில் ஐந்து எழுத்துகளின் கீழ் சிதறிக் கிடப்பார். முதலெழுத்துகள் ஆவுல், பக்கிர், ஜைனுலாப்தீன் என்ற முன்னோர் பெயர்கள். அவர் பெயர் அப்துல் கலாம். அதைப் பிரித்துக் ‘கலாம்’ என்று க வரிசையில் போடாமல், எல்லாவற்றையும் அ வரிசையில் ‘அப்துல் கலாம், ஏ.பி.ஜே.’ என்றே எழுதுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் எழுதும் பட்டியல் சீட்டு இப்படி இருக்கட்டும்:

அப்துல் கலாம், ஏ.பி.ஜே. / அக்னிச் சிறகுகள் / உடன்: அருண் திவாரி / தமிழில்: மு. சிவலிங்கம் / மூலம்: ஆங்கிலம், 1999 / கூ

திவாரி பெயரில் இன்னொரு சீட்டு போட்டு, ‘காண்க: அப்துல் கலாம்’ என்று எழுதிவிட்டால் தேடுகிறவர் திரும்பிப் போக மாட்டார்.

ஒரே நூல் இரண்டு தலைப்பில் வந்திருக்கிறதோ என்ற ஐயம் எழுந்தால் மூலத் தலைப்பை ஒப்பிடுங்கள். ஒரே பதிப்புதானா என்று அறிய ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுப் புத்தக எண் உதவும். 2007 முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. பழைய எண்ணின் முதல் ஒன்பது இலக்கம், புதிய எண்ணில் 978க்குப் பின் வரும் ஒன்பதோடு பொருந்தினால் இரண்டும் ஒரே பதிப்பு. கடைசி இலக்கம் மாறும், அது சரிபார்ப்பு எண், பொருட்படுத்த வேண்டாம். சிறு பதிப்பகத் தமிழ் நூல்கள் பலவற்றில் எண்ணே இருக்காது. அங்கே பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

பொன்மொழிப் புத்தகங்களில்தான் கவனம் வேண்டும். எந்த நூல், எந்த உரை என்ற குறிப்பே இல்லாமல் நூறு வரி அச்சிட்டிருப்பார்கள். சீட்டில் ‘மூலம் இல்லை’ என்று எழுதுங்கள். மேடையில் அவர் சொல்லாததை அவர் வாயில் போடும் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதிர்த்திசைக் குழப்பமும் உண்டு: ஒரு பெயர், ஆள் வேறு. புறநானூற்று அவ்வையும் ஆத்திசூடி அவ்வையும் பல நூற்றாண்டு தள்ளி வாழ்ந்தவர்கள். ‘அவ்வையார் (சங்கம்)’, ‘அவ்வையார் (ஆத்திசூடி)’ என்று பிரித்தால் போதும். கீழக்கரைப் பக்கம் இருப்பவர்கள் சீறாப்புராணத்தையும் பாருங்கள். அது உமறுப் புலவருடையது. அதைத் தொடர்ந்து எழுந்த ‘சின்னச் சீறா’ பனீ அகமது மரைக்காயருடையது. இரண்டும் ஒன்றாக இருந்தால் உமறு பெயரிலேயே ஏறிவிடும்.

கடைசியாக, உப்புக் காற்று. கம்பிப் பின் அடித்த மெல்லிய உரைத் தொகுப்புகள்தான் முதலில் போகும். அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அதைப் பிடுங்கிவிட்டுப் பருத்தி நூலால் மூன்று துளைத் தையல் போடுங்கள். பசைச் சீட்டும் ஈரத்தில் உரிந்துவிடும், பென்சில் குறிதான் நிற்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், ஒட்டி வைத்தால் ஓதம் ஏறும். தாளை அரிக்கிற பூச்சிக்கு நம் மொழியில் இராமபாணம் என்று பெயர். இராமேசுவரத்துப் பிள்ளையின் புத்தகத்தையும் அது விடாது. மாதம் ஒருமுறை எடுத்து, தாள்களை விரித்துத் தட்டி, நிழலில் காற்றாட வைத்துவிட்டு அடுக்குங்கள்.