குளிர் நீரோட்டமும் மழையும்: விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

"தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடற்கரையை ஒட்டிக் குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதனால் அங்கே காற்றில் ஈரம் இல்லை, மழையும் இல்லை." போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டுகளில் இந்த வரியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மழை இல்லை என்பது சரி. ஈரம் இல்லை என்பது முழுத் தவறு.

பெருவின் தலைநகர் லீமாவை, ஆகஸ்ட் மாதத்தில், நினைத்துப் பாருங்கள். துவைத்துப் போட்ட துணி லேசில் காயாது. சாம்பல் நிற மேகம் வாரக்கணக்கில் தாழ்ந்து கிடக்கும். அந்த வானத்தை ஊர்க்காரர்கள் 'கழுதை வயிறு' என்பார்கள். கார் கண்ணாடியில் பொடித் தூறல் முத்து முத்தாகப் படியும். அதற்கு 'கரூவா' என்று பெயர். நகரத்தை ஒட்டிய குன்றுகளில் வலை கட்டி, மூடுபனியிலிருந்து தண்ணீர் பிடிக்கிறார்கள். அவ்வளவு ஈரம் இருந்தும், ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான்.

மழைக்கு ஈரம் மட்டும் போதாது. காற்று உயரே ஏறிக் குளிர வேண்டும். இங்கே கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதன் தலைக்கு மேலே, உயரத்திலிருந்து இறங்கி வந்த வெப்பமான வறண்ட காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. இதுதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். மூடிக்குக் கீழே சில நூறு மீட்டருக்குள் மேகம் பரவும், பனி மூடும்; அதைத் தாண்டி வளர முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

அடுத்த தவறு, பாலைவனத்துக்கான முழுப் பொறுப்பையும் நீரோட்டத்தின் தலையில் கட்டுவது. துணை வெப்பமண்டல உயர் அழுத்தப் பகுதியில் காற்று எப்படியும் கீழ்நோக்கித்தான் இறங்கும். கிழக்கே அமேசானிலிருந்து வரும் ஈரத்தை ஆண்டீஸ் மலை தடுத்துவிடுகிறது. குளிர்ந்த கடல், ஏற்கெனவே இருக்கிற மூடியை இன்னும் இறுக்கமாக்குகிறது. மூன்றும் சேர்ந்ததால்தான் சிலியின் அரிகா நகரம் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே காணாமல் இருந்தது.

நம் பக்கத்திலேயே இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் கேரளக் கரையோரம், கன்னியாகுமரி வரைக்கும், ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதே மாதங்களில்தான் கேரளத்தில் மழை கொட்டுகிறது. அங்கே பருவக்காற்று ஈரத்தை அள்ளி வந்து மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏற்றிவிடுகிறது. மூடி போட யாரும் இல்லை.

பெருவின் குளிர்ந்த நீர் முழுக்க அண்டார்டிகா பக்கமிருந்து ஓடி வருகிறது என்று எழுதுவதும் அரைகுறைதான். தெற்கிலிருந்து வருவது ஒரு பங்கு. கரையோரக் குளிர்ச்சியின் பெரும்பகுதி காலுக்கடியிலிருந்து வருகிறது. தெற்கிலிருந்து வடக்காகக் கரையோரம் வீசும் காற்று, புவிச் சுழற்சியின் விளைவால், மேல்மட்ட நீரைக் கரையை விட்டு மேற்கே தள்ளுகிறது. காலியான இடத்தை நிரப்ப ஆழத்து நீர் எழும்பி வருகிறது. அது கொண்டுவரும் சத்துகளால்தான் அந்தக் கடலில் நெத்திலி அப்படிக் குவிகிறது. 1802ல் ஜெர்மன் அறிவியலாளர் ஹம்போல்ட் இந்த நீரின் வெப்பநிலையை அளந்தார்; நீரோட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கரை மீனவர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரிந்ததுதான் என்று அவரே சொன்னார். இதை வகுப்பில் சொல்லாமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

'குளிர்' என்றதும் பனிக்கட்டி மிதப்பதாக நினைக்க வேண்டாம். லீமா 12 டிகிரி தெற்கில், சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. ஆகஸ்டில் லீமா கடல் சுமார் 16, 17 டிகிரி. சென்னைக் கடலோ 28க்கு மேல். அந்த அட்சரேகைக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம் எல் நினோ, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிவிடுவது. அப்போது நீரோட்டம் நின்றுவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. கரையோரக் காற்று வீசிக்கொண்டே இருந்தாலும், மேலே இருக்கும் வெந்நீர் அடுக்கு தடித்துவிடுவதால், எழும்பி வருவதும் வெதுவெதுப்பான நீராகவே இருக்கும். மூடி தளர்ந்துவிடும். 1998ல் வட பெருவின் செசூரா பாலைவனத்தில் பெரிய ஏரியே தேங்கியது.

கடைசியாக, அட்லஸில் கண்டங்களின் மேற்குக் கரையோரம் எல்லாம் குளிர் நீரோட்டத்தைக் காட்டும் நீல அம்புக்குறி இருக்கும் என்று மனப்பாடம் செய்வது. ஆஸ்திரேலியாவில் இது காலை வாரிவிடும். அங்கே குளிர் நீரோட்டம் கரையிலிருந்து தள்ளித்தான் வடக்கே போகிறது. கரையை ஒட்டி ஓடுவது லீவின் நீரோட்டம். வெதுவெதுப்பானது, காற்றை எதிர்த்துத் தெற்கே பாய்கிறது. அதன் தயவால் 28 டிகிரி தெற்கையும் தாண்டி, ஹவுட்மன் அப்ரோலோஸ் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன.